வியாழன் அன்பியக் கூட்டம்: 53 மணியும் வேண்டும், மௌனமும் வேண்டும், இருப்பதோ ஒரு மணி நேரம்

லிங்கராஜபுரம்_அன்பியம்

இயேசுவுக்குப் புகழ், மரியே வாழ்க.

பெங்களூரு லிங்கராஜபுரம் பக்கம் 14 தமிழ்க் குடும்பங்கள் உள்ள அன்பியம், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் செபக் குழு. வியாழக்கிழமை இரவு 7:30 முதல் 8:30 வரை, முறை வைத்து வீடு வீடாகக் கூடுகிறோம். எல்லாமே சின்ன வீடுகள், 20 பேர் உட்கார்ந்தால் அறை நிறைந்துவிடும்.

பெரியவர்களுக்கு 53 மணி செபமாலை முழுசாக வேண்டும், தேவமாதா பிரார்த்தனையும் (மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்றாடுவது) வேண்டும். அதுவும் பழைய சொற்களிலேயே. வியாழன் என்றால் அவர்களுக்குச் சந்தோஷ தேவ இரகசியங்கள்தான். இளையவர்கள் விவிலியம் வாசித்துச் சற்று நேரம் மௌனமாக இருக்கவும், கித்தாரோடு பாடவும் கேட்கிறார்கள். இவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டத் தெரியாது. ஒரு வீட்டு மருமகள் சி.எஸ்.ஐ. சபை. இவை போதாதென்று, குத்துவிளக்கு ஏற்றித் தரையில் உட்காரலாம் என்று சிலர் சொல்ல, அது நம் வழக்கமில்லை என்று வேறு சிலர் மறுக்கிறார்கள்.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்தே செய்கிறோம். ஒரு வாரம் 9:15 வரை இழுக்கிறது, மறுவாரம் செபமாலை ஓட்டமாக ஓடி ஒரு சொல்லும் காதில் விழுவதில்லை. எதை வெட்டுவது, எதை வைப்பது? முறை தெரிந்தவர்கள் நிமிடக் கணக்கோடு சொன்னால் நல்லது.

---

மறைக்கல்வி_சிவாஜிநகர்

சகோதரி, முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். அவசரமில்லாமல் சொன்னால் ஒரு பத்துக்கு, அதாவது செபமாலையின் பத்து மணிகளுக்கு, மூன்றரை நிமிடம் ஆகும். ஐந்து பத்துக்கு 18 நிமிடம். தொடக்கத்தில் விசுவாசப் பிரமாணமும் மூன்று மணியும் 3 நிமிடம். பிரார்த்தனை 4 நிமிடம். ஆக மொத்தம் 25. ஒரு மணி நேரத்தில் இது பாதிகூட இல்லை. உங்கள் கூட்டம் 9:15 வரை போவதற்குச் செபமாலை காரணமில்லை. ஒவ்வொரு பத்துக்கும் இடையில் ஒரு முழுப் பாட்டும், ஆளாளுக்கு நீளமான கருத்தும் நுழைந்திருக்கும். அவைதான் நேரத்தை விழுங்குகின்றன.

செபமாலை வேகமெடுப்பது ஒரே இடத்தில்தான். அருள் நிறைந்த மந்திரத்தை இரு பாதியாகப் பிரித்துச் சொல்கிறோம் அல்லவா, முன்பாதி சொல்பவர் "இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே" என்று முடிக்கும் முன்பே பின்பாதிக்காரர்கள் "தூய மரியே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்த மணியில் முன்பாதிக்காரரும் அப்படியே முந்துவார். ஐந்தாவது பத்துக்குள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். நிதானமாகச் சொல்லுங்கள் என்று அறிவிப்பதால் பயனில்லை. முன்பாதி சொல்பவர் "இயேசு" என்ற பெயருக்கு முன் அரை மூச்சு நிறுத்தினால் போதும், கூட்டம் தானாக அடங்கும்.

அந்தப் பெயரோடு மறைபொருளை (பெரியவர்கள் தேவ இரகசியம் என்பது, அந்தப் பத்தில் தியானிக்கும் நிகழ்வு) சேர்த்துச் சொல்லும் பழக்கம் சில நாடுகளில் நெடுங்காலமாக உண்டு. 1974-ல் திருத்தந்தை ஆறாம் பவுலும் 2002-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் அதை நினைவூட்டினார்கள். தமிழில் அது இயல்பாக அமையும், ஏனென்றால் நம் மொழியில் அடைமொழி பெயருக்கு முன்னால் வரும்: "உம்முடைய திருவயிற்றின் கனியும் யோர்தானில் திருமுழுக்குப் பெற்றவருமாகிய இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே." முன்பாதி சொல்பவர் மட்டும் சொன்னால் போதும், மற்றவர்கள் எதையும் புதிதாகப் படிக்க வேண்டாம். அடைமொழி மூன்று நான்கு சொல்லைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மூச்சு முட்டி இடறும்.

அடுத்தது வியாழன் சிக்கல். பழைய வரிசையில் திங்களும் வியாழனும் சந்தோஷம், செவ்வாயும் வெள்ளியும் துக்கம், புதன், சனி, ஞாயிறு மகிமை. 2002 அக்டோபர் 16-ல் வந்த இரண்டாம் யோவான் பவுலின் மடல் ஒளியின் மறைபொருள்களை வியாழனுக்கு வைத்து, மகிழ்ச்சியைச் சனிக்கு நகர்த்தியது. அதே மடல் ஒளியின் மறைபொருள்களை விருப்பத்துக்கு விட்ட சேர்க்கை என்றும் சொல்கிறது. ஆகவே பெரியவர்கள் செய்வது தவறில்லை. ஆனாலும் உங்கள் கூட்டத்துக்கு ஒளியின் மறைபொருள்களே பொருத்தம் என்று நினைக்கிறேன். ஐந்தும் ஆண்டவரின் பொதுவாழ்வில் நடந்தவை, ஐந்துக்கும் நேரான நற்செய்திப் பகுதி உண்டு: மத்தேயு 3:13-17, யோவான் 2:1-11, மாற்கு 1:14-15, லூக்கா 9:28-36, மாற்கு 14:22-25. இளையவர்கள் கேட்கும் விவிலிய வாசிப்பு இதற்குள்ளேயே இருக்கிறது. வாரம் ஒரு பகுதி என்று எடுத்தால் ஐந்து வாரத்தில் ஒரு சுற்று முடியும். திருவருகைக் காலத்திலும் கிறிஸ்து பிறப்புக் காலத்திலும் வியாழனை மகிழ்ச்சிக்கே கொடுங்கள், பெரியவர்கள் மனம் குளிரும்.

ஒவ்வொரு பத்துக்கும் முன் மறைபொருளை அறிவித்து, ஒன்றிரண்டு வசனம் வாசித்து, 20 முதல் 30 நொடி மௌனம். அதற்கு மேல் வேண்டாம். நீண்ட வாசிப்பும் பகிர்வும் ஐந்து பத்தும் முடிந்த பிறகு வரட்டும். காரணம் இருக்கிறது: குடும்பமாகவோ குழுவாகவோ செபமாலை சொல்வதற்கான பரிபூரண பலனுக்கு (பாவத்துக்கான தண்டனை முழுதும் நீங்கத் திருச்சபை தரும் சலுகை) ஐந்து பத்துகளையும் இடைவிடாமல் வாய்விட்டுச் சொல்லி, மறைபொருளைத் தியானிக்க வேண்டும் என்பது ஒழுங்கு. பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காகச் செபம் ஆகியவை வழக்கம்போல். நடுவில் எட்டு நிமிடப் பகிர்வு நுழைந்தால் அந்தத் தொடர்ச்சி போய்விடும். பெரியவர்கள் இதற்காகத்தான் மனம் வருந்துகிறார்கள், ஆனால் அவர்களால் இப்படி எடுத்துச் சொல்ல முடியாமல் இருக்கலாம்.

---

கித்தார்_ஃப்ரேசர்டவுன்

அக்கா, ஐயா சொன்ன கணக்கு சரி. செபமாலை 7:55-க்கு முடிந்துவிடும். அதை முதலில் வைப்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. மான்யதா, ஒயிட்ஃபீல்டு பக்கம் வேலை முடித்து வருகிறவர்கள் 7:50-க்குத்தான் உள்ளே நுழைவார்கள். செபமாலை நடுவில் வந்து சேர்ந்துகொள்ளலாம், வாசிப்பின் நடுவில் வந்து சேர முடியாது.

இனி வாசிப்பு. 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற கார்த்தூசியன் துறவி நான்கு படியாக எழுதி வைத்ததுதான் இன்று லெக்சியோ என்று எல்லோரும் சொல்வது: வாசித்தல், தியானித்தல், செபித்தல், ஆண்டவர் முன் சும்மா இருத்தல். இளையவர்கள் புதிதாகக் கொண்டுவந்தது என்று யாராவது சொன்னால், 53 மணி செபமாலை இன்றைய வடிவத்துக்கு வரும் முன்பே இது இருந்தது என்று சொல்லுங்கள்.

குழுவில் செய்யும்போது 8 முதல் 12 வசனம் போதும். முதல் வாசிப்பு, ஒரு நிமிடம் மௌனம். வேறொருவர் குரலில் இரண்டாம் வாசிப்பு, மூன்று நிமிடம் மௌனம். பிறகு மனதில் நின்ற ஒரு சொல்லையோ தொடரையோ மட்டும் ஆளுக்கொருவராகச் சொல்வது, விளக்கம் கிடையாது. 20 பேரும் சொன்னாலும் மூன்று நிமிடம்தான் ஆகும். பகிர்வு இங்கேதான் கெடும். ஒருவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்ததும் அது மறையுரையாகிவிடும், அடுத்தவர் மறுப்புச் சொல்வார். "சொல் மட்டும்" என்பதை வாசிப்புக்கு முன்பே அறிவியுங்கள், பேச ஆரம்பித்தவரை நடுவில் நிறுத்துவது கஷ்டம்.

மௌனத்தை நான்கு நிமிடத்தோடு நிறுத்துங்கள். முதல் மாதம் இரண்டு நிமிடமே போதும். இப்போது ஒரு வசனத்தைக் கையில் கொடுக்காமல் மௌனம் என்று அறிவித்தால் பெரியவர்களுக்குத் தூக்கம் வரும், இளையவர்கள் கை போனுக்குப் போகும். போன்களைக் கதவருகே ஒரு கூடையில் போட்டுவிடலாம். மௌனம் முடிந்ததைக் குரலால் சொல்லாமல் சின்ன மணியால் தெரிவியுங்கள், அந்த மணியை ஒரு குழந்தையிடம் கொடுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் குக்கரை 7:30-க்கு முன்பே இறக்கிவிடச் சொல்லுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் மௌனத்தை அதிகம் கலைப்பது விசில் சத்தம்தான்.

தமிழ் எழுத்து தெரியாதவர்களுக்காகச் சிலர் கன்னட எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். இன்றைய கன்னடத்தில் 'ழ' இல்லை. அந்த இடத்தில் 'ள' போடுவதால் "வாழ்க" என்பது "வாள்க" ஆகிவிடும், 'ற'வும் 'ர'வாகும். ஒருமுறை வாயில் அப்படிப் பதிந்தால் மாற்றுவது பெரும்பாடு. அருள் நிறைந்த மந்திரமும் கர்த்தர் கற்பித்த செபமும் காதால் கற்க வேண்டியவை. பத்து முறை சொல்வதற்குள் யாருக்கும் வந்துவிடும். நீண்ட மன்றாட்டுகளுக்கு மட்டும் தாள் கொடுங்கள், 'ழ' வரும் இடத்தில் பேனாவால் கோடிட்டு.

பாட்டு இரண்டு போதும், தொடக்கத்தில் ஒன்று, மௌனத்துக்கு முன் ஒன்று. அந்த இரண்டாவது ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவதாக இருக்கட்டும். பிரான்சில் 1940-ல் தொடங்கிய தெய்சே குழுமத்தில் இப்படித்தான் பாடுவார்கள்: எட்டுப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் சத்தம் குறைந்துகொண்டே வந்து மௌனத்தில் முடியும். எழுத்துத் தெரியாதவர்களும் மூன்றாவது முறையில் சேர்ந்துவிடுவார்கள். ஸ்ருதியை இளையவர்கள் தொண்டைக்கு வைக்காதீர்கள், இரண்டு சுரம் இறக்கினால்தான் பாட்டிமார்கள் பாடுவார்கள். கித்தாரை ஆம்ப்ளிஃபையரில் மாட்ட வேண்டாம். அறை சின்னது, மேல் வீட்டில் குழந்தைகள் தூங்கும் நேரம்.

---

பாமாலை_சி.எஸ்.ஐ

சகோதரிக்கு ஸ்தோத்திரம். அந்த மருமகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், அவர் இடத்திலிருந்து பார்க்க எனக்கு முடியும்.

மரியன்னையிடம் மன்றாடும் செபத்தைச் சொல்லும்படி அவரைக் கேட்காதீர்கள், சொல்லாமல் இருப்பதையும் யாரும் குறிப்பிட வேண்டாம். அந்த நேரத்தில் அவர் பேசாமல் மறைபொருளின் வசனத்தைத் தியானிக்கலாம். ஒவ்வொரு பத்துக்கும் முன்னுள்ள வசன வாசிப்பை அவரிடமே கொடுங்கள். கர்த்தருடைய ஜெபமும், லூக்கா 1:46-55-ல் உள்ள மரியாளின் பாட்டும் இரு சபைக்கும் பொது. இறுதி மன்றாட்டில் சுயமாக ஜெபிப்பது எங்கள் பழக்கம், அதை நன்றாகவே செய்வார். ஒருவருக்கு ஒரு நிமிடம் என்று மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள், சுயஜெபம் நீண்டுவிடும் இயல்புடையது.

வேதாகமம் எது என்ற சண்டையும் வரும். 1871-ல் வந்த பழைய திருப்புதல் எங்களுக்கு மனப்பாடம். 1995-ல் இரு சபைகளும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு உங்கள் கோவில்களில் பழக்கம். லெக்சியோவில் இரண்டு வாசிப்பு இருப்பதால் முதலாவதைப் பொது மொழிபெயர்ப்பிலும் இரண்டாவதைப் பழைய திருப்புதலிலும் வாசியுங்கள். முதலாவதில் பொருள் தெளியும், இரண்டாவதில் ஓசை நிற்கும். ஒரே வசனத்தில் இரண்டையும் கலந்து வாசித்தால் மட்டும் குழப்பம்: ஆண்டவர், கர்த்தர், தூய ஆவி, பரிசுத்த ஆவி என்று ஆளுக்கொன்றாகக் கேட்கும்.

சங்கீத எண்ணிலும் கவனம் வேண்டும். உங்கள் பெரியவர்களின் பழைய செபப் புத்தகத்தில் 50-ம் சங்கீதம் என்று இருப்பது இன்றைய விவிலியத்தில் 51. இலத்தீன் வரிசையில் 9-ம் 10-ம் ஒன்றாக எண்ணப்பட்டதால் அதற்குப் பிறகு பெரும்பாலான சங்கீதங்கள் ஒரு எண் பின்தங்கும். ஏழு மனஸ்தாப (பாவத்துக்கு மனம் வருந்தும்) சங்கீதங்கள் பழைய புத்தகத்தில் 6, 31, 37, 50, 101, 129, 142. இன்றைய எண்ணில் 6, 32, 38, 51, 102, 130, 143. தவக்கால வியாழன்களில் வாரம் ஒன்றாக இவற்றை எடுத்தால் இரு சபையாரும் சேர்ந்து ஜெபிக்கலாம். பழைய பக்தியும் போகாது.

பழையது புதியது என்பதில் நம் நினைவு சில நேரம் ஏமாற்றும். வழிபாட்டில் கைகளைப் பற்றிச் சமாதானம் சொல்வது அண்மையில் வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஆதிச் சபையில் இருந்தது, தென்னிந்தியத் திருச்சபை 1950-லேயே தன் திருவிருந்து ஆராதனை முறையில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. திருவருகைக் கால மெழுகுவர்த்தி வளையமோ பழமையானது போலத் தோன்றும், ஆனால் 1839-ல் ஹாம்பர்கில் விக்கெர்ன் என்ற லூத்தரன் போதகர் பிள்ளைகளுக்காகச் செய்தது.

---

லிங்கராஜபுரம்_அன்பியம்

எல்லோருக்கும் நன்றி. மூன்று கேள்வி பாக்கி. பழைய சொற்களை என்ன செய்வது? பின்பாதியில் பெரியவர்கள் "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்கிறார்கள், மற்றவர்கள் "தூய மரியே, இறைவனின் தாயே" என்கிறார்கள், இரைச்சலாகிறது. அடுத்து, குத்துவிளக்கு. மூன்றாவது, மௌனத்தில் மூச்சைக் கவனிக்கும் பயிற்சியைச் செய்யலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

---

மறைக்கல்வி_சிவாஜிநகர்

ஐந்து பத்தில் ஒன்றை முழுக்கப் பழைய சொற்களுக்குக் கொடுங்கள். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று பெரியவர் ஒருவர் முன்பாதி சொல்ல, பின்பாதியையும் எல்லோரும் அதே சொற்களில் சொல்லட்டும். எந்தப் பத்து என்பது மாறக் கூடாது, இரண்டாவது என்றால் எப்போதும் இரண்டாவது. மீதி நான்கில் இன்றைய சொற்கள், அதில் பெரியவர்கள் ஒத்துழைப்பார்கள். ஒரே பத்துக்குள் இரண்டையும் கலந்தால்தான் இரைச்சல்.

பிரார்த்தனையும் அச்சில் நின்றுபோன ஒன்றல்ல. 1587-ல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் ஏற்றுக்கொண்ட லொரேத்தோ மன்றாட்டு மாலைதான் நம் தேவமாதா பிரார்த்தனை. அதில் 1995-ல் குடும்பங்களின் அரசி சேர்ந்தார். 2020 ஜூன் 20-ல் திருத்தந்தை பிரான்சிஸ் மூன்றைச் சேர்த்தார். திருச்சபையின் அன்னைக்கு அடுத்து இரக்கத்தின் அன்னை, இறையருளின் அன்னைக்கு அடுத்து எதிர்நோக்கின் அன்னை, பாவிகளின் அடைக்கலத்துக்கு அடுத்து புலம்பெயர்ந்தோரின் ஆறுதல். பெரியவர்களின் புத்தகத்தில் இவை இருக்காது. ஒரு துண்டுத் தாளில் எழுதி அந்தந்த இடத்தில் ஒட்டிக் கொடுங்கள். ஊர் விட்டு வந்து பெங்களூரில் வேரூன்றிய குடும்பங்கள் "புலம்பெயர்ந்தோரின் ஆறுதலே" என்று சொல்லும்போது அதை வெறும் சேர்க்கையாக நினைக்க மாட்டார்கள்.

---

திருவழிபாடு_ஹச்சின்ஸ்சாலை

குத்துவிளக்குக்குப் பதில் உங்கள் பகுதியை ஒட்டியே இருக்கிறது. ஹச்சின்ஸ் சாலையில் உள்ள தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையம் 1967-ல் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் அமலோற்பவதாஸ் அடிகளார் தமிழர். 1969 ஏப்ரல் 25-ல் இந்தியத் திருவழிபாட்டுக்கென 12 அம்சங்களை உரோமை ஏற்றது. காலணியைக் கழற்றுவது, தரையில் அமர்வது, முழந்தாளிடுவதற்குப் பதில் கைகூப்பித் தாழ்ந்து வணங்குவது, மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஆகியவை அதில் அடக்கம். மலர், தூபம், தீபம் கொண்டு ஆரத்தி எடுப்பதும் உண்டு, ஆனால் அது திருப்பலியோடு சேர்ந்தது. அதை எங்கே எப்போது அனுமதிப்பது என்பது ஆயரின் பொறுப்பு, வீட்டுக் கூட்டத்தில் ஆரத்தி வேண்டாம். விளக்கு ஏற்றலாம்.

மனம் ஒப்பாதவர்கள் இருந்தால் விளக்கை விவிலியத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஏற்றும்போது யோவான் 8:12-ஐ வாசியுங்கள். எதற்காக ஏற்றுகிறோம் என்பது தெரிந்தால் பாதி எதிர்ப்பு அடங்கும். அப்படியும் ஒப்பாத வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள், வற்புறுத்த வேண்டாம். மின்விசிறிக்கு நேர்கீழே வைத்தால் ஐந்து நிமிடத்தில் அணையும். ஒரு முகம் போதும், அறை சின்னது என்பதால் ஐந்து முகம் புகையும். தரையில் உட்காருவது முட்டிவலி இல்லாதவர்களுக்கு மட்டும், நான்கு நாற்காலியாவது சுவரோரம் இருக்கட்டும்.

மூச்சுப் பயிற்சி பற்றி 1989 அக்டோபர் 15-ல் உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஒரு மடல் எழுதியது. பிற மரபுகளின் முறைகளை அது அப்படியே தள்ளவில்லை. உடலில் தோன்றும் அமைதியையோ இதத்தையோ தூய ஆவியின் ஆறுதல் என்று எடுத்துக்கொள்வதைத்தான் எச்சரிக்கிறது. மூச்சில் கவனம் வைப்பது உடலை அடக்க உதவும், ஆனால் நம் செபம் ஒருவரோடு பேசுவது. ஆகவே மூச்சைச் செபத்தோடு கட்டிவிடுங்கள். கிழக்கத்திய திருச்சபைகளின் இயேசு செபம் அதற்கே அமைந்தது: மூச்சு உள்ளே போகும்போது "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, இறைவனின் மகனே", வெளியே வரும்போது "பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்". மூச்சை அடக்கவோ எண்ணவோ வேண்டாம். ஆஸ்துமாவோ படபடப்போ உள்ளவர்கள் மூச்சை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் மனதில் சொல்லட்டும்.

ஒரு மாற்றுக் கருத்து. செபமாலை, வாசிப்பு இரண்டையும் ஒவ்வொரு வாரமும் முழுதாகச் செய்யத்தான் வேண்டுமா? மே மாதமும் அக்டோபரும் மாதா வணக்கத்துக்கும் செபமாலைக்கும் உரியவை. அந்த வாரங்களில் 53 மணியும் பிரார்த்தனையும் விரிவாக நடக்கட்டும், வாசிப்பு சுருங்கட்டும். தவக்காலத்தில் வாசிப்பும் மௌனமும் மனஸ்தாப சங்கீதமும் விரியட்டும், செபமாலை ஒரு பத்தாகட்டும். பக்தி முயற்சிகள் திருவழிபாட்டுக் காலங்களோடு இசைய வேண்டும் என்று 1963-ல் வந்த, திருவழிபாடு பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏட்டின் 13-ம் எண் கேட்பதும் இதைத்தான். சிவாஜிநகர் பேராலயத்தில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 திருவிழா வரை உங்கள் ஆட்கள் அங்கேதான் இருப்பார்கள், அந்த வியாழனுக்குக் கூட்டமே வேண்டாம்.

---

கித்தார்_ஃப்ரேசர்டவுன்

தவக்காலத்தில் ஒரு பத்தாகக் குறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் செய்தால் அந்த ஆறு வாரமும் பெரியவர்கள் வரமாட்டார்கள், வீட்டிலேயே தனியாகச் சொல்லிக்கொள்வார்கள். வாரம் மாற்றி வாரம் வைத்தாலும் இதே கதைதான், ஒரே அன்பியம் இரண்டாகப் பிரியும். வெள்ளிக்கிழமை எப்படியும் கோவிலில் சிலுவைப்பாதை இருக்கிறது, துக்கத்தைத் தியானிக்க இடம் உண்டு. வியாழனில் ஐந்து பத்தையும் வைத்து, பாட்டு இரண்டையும் எடுத்துவிடலாம். தவக்காலத்தில் பாட்டைக் குறைப்பது பொருத்தம்தான். எட்டு நிமிடம் மிச்சமாகும், மனஸ்தாப சங்கீதம் அதற்குள் அடங்கும்.

---

திருவழிபாடு_ஹச்சின்ஸ்சாலை

அப்படியும் செய்யலாம், ஆட்கள் பிரியாமல் இருப்பது பெரிய விஷயம். சங்கீதத்தை மட்டும் பாதி பாதியாகப் பிரித்து இரு அணியாகச் சொல்லுங்கள். சன்னல் பக்கம் ஒரு அணி, கதவு பக்கம் ஒரு அணி, வரியின் நடுவில் ஒரு மூச்சு நிறுத்தம். செபமாலையில் முன்பாதி பின்பாதி பழகிய பெரியவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம்.

---

லிங்கராஜபுரம்_அன்பியம்

அடுத்த வியாழனுக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: 7:30 விளக்கு, பாட்டு. 7:34 செபமாலை, இரண்டாவது பத்து பழைய சொற்களில். 7:57 ஒரே அடிப் பாட்டு. 8:00 யோவான் 2:1-11, இரண்டு வாசிப்பும் மௌனமும். 8:11 ஆளுக்கொரு சொல். 8:15 மன்றாட்டு. 8:21 பிரார்த்தனை. 8:25 சமாதானம், முடிவு ஆசீர். பத்துகளுக்கு இடையிலான மௌனம் இந்தக் கணக்கில் அடங்குமா?

---

மறைக்கல்வி_சிவாஜிநகர்

சரியாக அடங்காது சகோதரி. வசனமும் மௌனமும் பத்துக்கு 40 நொடி என்றால் மூன்று நிமிடத்துக்கு மேல் கூடும், செபமாலை 8:00-க்குத்தான் முடியும். கடைசியில் கையில் இருக்கும் ஐந்து நிமிடத்தில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்ளுங்கள். யோவான் பகுதியில் 11 வசனம் இருக்கிறது. வாசிப்பவரிடம் புதன்கிழமையே கொடுத்து ஒருமுறை உரக்க வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.